மேடை ஏறாத பெட்டி

என் மருமகள் சந்திரமதி கல்யாணக் காரில் ஏறும்போது மடியில் கிட்டாரோடுதான் ஏறினாள். சீர் சாமான்கள் பின்னால் லோரியில் வந்தன. கிட்டாரை மட்டும் லோரியில் போட அவள் விடவில்லை. என் மகன் சின்னத்தம்பி பட்டு வேட்டியோடு கதவோரம் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் கிட்டார், அந்தப் பக்கம் பெண். என் நாத்தனார் என் காதில் குனிந்து, தாலி ஏறின பிறகும் இது தேவையா என்று கேட்டாள். மாப்பிள்ளையே இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறான், உனக்கு எங்கே இடிக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் என் காதுப் பக்கமே வரவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது, பேசத் தெரியும். அவளைப் பற்றி ஊரில் ஒரு மாதிரி பேசுகிறார்கள், கோயிலில் அடம் பிடித்தவள் என்று. அடம் பிடித்தது உண்மைதான். எதற்காகப் பிடித்தாள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா? நான் சொல்கிறேன்.

சந்திரமதி பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் வெட்டும் குடும்பம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே லாபிஸில் இருக்கும் தமிழ் சர்ச்சுக்குப் போய்விடுவாள். அங்கேதான் கிட்டார் இருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்களோடு சேர்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டாள். மகள் சாமி மாறிவிடுவாளோ என்று அவளுடைய அப்பா பயந்தார். அவள் மாறவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன், ஞாயிற்றுக்கிழமை கிட்டார் என்று இரண்டையும் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த கிட்டாரை அப்பா ஒருநாள் பிடுங்கிப் பரண்மேல் போட்டாராம். அவள் ஏணி வைத்து ஏறி, பரணிலேயே உட்கார்ந்து வாசித்தாளாம். ஓட்டுக்கடியில் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது. அவரே இறங்கி வரச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிவந்தோம். சின்னத்தம்பி லோரி ஓட்டுகிறான். சந்திரமதி விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலைக்குப் போவாள். எலக்ட்ரானிக் சாமான் செய்யும் கம்பெனி. பழுதான பலகைகள் அவள் மேசைக்கு வரும். சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி ஒட்டி, சரி பண்ணி அனுப்புவாள். வீட்டுக்கு வரும்போது சட்டையில் ஒரு வாடை அடிக்கும், சாம்பிராணி மாதிரி. ஈயத்தோடு ஒரு பிசின் உருகுகிறது, அதன் வாடைதான் அத்தை என்பாள்.

லாபிஸில் சிவகணேசன் என்று ஒரு தம்பி பாட்டுக் குழு வைத்திருக்கிறான். கல்யாண விருந்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். சந்திரமதி அதில் கிட்டார். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு திரும்பக் கிட்டாரை எடுத்து அதில் சேர்ந்தாள். சிவகணேசன் நல்ல பையன். கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்கு எல்லாம் சுலபமாக முடிந்துவிட வேண்டும். அவளுடைய பழைய ஆம்ப்ளிபையர், அதுதான் கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் பெட்டி, ஒரு விருந்தில் பாதிப் பாட்டில் புகைந்து செத்துப்போனது. சிவகணேசன் உடனே லாப்டாப்பைத் தட்டினான். கிட்டார் வாசிப்பு அதிலிருந்தே வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதுதான் அவளைச் சுட்டது.

மறுவாரம் வீட்டுக்கு வந்து பேசினான். இனிமேல் கிட்டார் லாப்டாப்பிலேயே இருக்கட்டும், தூக்கிச் சுமக்கிற வேலை மிச்சம் என்றான். "நீங்க கோரஸ் பாடுங்க அக்கா. மேடையில நீங்க இருக்கணும் லா, அது முக்கியம்."

"நான் எதுக்கு இருக்கணும்? பூச்சாடியா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பெக்கோக் தோட்டத்துக் கோயில் ஆடித் திருவிழாவுக்குள் ஒழுங்கான ஆம்ப்ளிபையரோடு வருகிறேன், அந்த மேடையில் என் கிட்டார் கேட்கவில்லை என்றால் நானே விலகிக்கொள்கிறேன் என்றாள். அவன் சரி என்று தேநீரைப் பாதி குடித்துவிட்டுப் போனான். அந்தச் சரியில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது டம்ளரில் அவன் மிச்சம் வைத்ததிலேயே தெரிந்தது.

கடையில் ஒன்றை வாங்கித் தருகிறேன் என்று சின்னத்தம்பி சொல்லத்தான் செய்தான். கடைக்கும் கூட்டிக்கொண்டு போனான். வாசித்துப் பார்த்துவிட்டு, தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று வந்துவிட்டாள். அவளுக்கு வேறொன்று ஞாபகத்தில் இருந்தது. தோட்டத்துக் கோயிலில் ஒரு பழைய ஆம்ப்ளிபையர். பல்பு மாதிரி கண்ணாடி வால்வு போட்டது. அந்த நாளில் தோட்டத்து ஜனங்கள் சேர்ந்து வாங்கியது. கொடிக்கம்பத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர்களுக்கு அதிலிருந்துதான் பாட்டுப் போகும். கோயிலுக்குப் புதுசு வந்த பிறகு அதைச் சாமான் அறையில் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

கோயில் தலைவர் கனகசுந்தரத்திடம் போய்க் கேட்டாள். பழைய இரும்பு லோரிக்காரனுக்குப் போடத்தான் வைத்திருக்கிறோம், எடுத்துக்கொண்டு போ என்றார். சின்னத்தம்பி லோரியில் ஏற்றினான். நானும் கூடப் போயிருந்தேன். இரண்டு ஆள் தூக்கினார்கள். எனக்குப் பார்க்க அரிசி மூட்டை மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர்தான் அந்தக் கனம், அதுதான் அதற்கு உயிர் என்றாள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசையைப் போட்டாள். முதல் நாளே எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டாள். இதைத் தொடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் தொடக்கூடாது. உள்ளே இருக்கிற கண்டன்சர்கள் கரண்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். அவளே ஒரு கையால்தான் வேலை செய்வாள். இடது கையைப் பின்பக்கம் இடுப்பில் செருகிக்கொள்வாள். ஏன் இப்படி நொண்டி மாதிரி என்று கேட்டேன். இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சைத் தாண்டி மறு கையில் இறங்கும், ஒரு கை என்றால் நெஞ்சுக்குப் போகாது அத்தை என்றாள். அன்றிலிருந்து அவள் அந்த மேசையில் இருந்தால் நான் அவளுடைய இடது கையைத்தான் பார்ப்பேன்.

பழைய ஒயர் எல்லாம் உளுத்த நாடா மாதிரி உதிர்ந்தது. எல்லாவற்றையும் பிடுங்கினாள். டிரான்ஸ்பார்மர்கள், வால்வுகள், அவற்றைச் செருகும் பீங்கான் குழிகள், அடித்தகடு, இவ்வளவுதான் மிச்சம். மற்றதெல்லாம் புதுசு. கம்பெனியில் பலகையாக அச்சடித்துப் பதித்திருப்பார்கள், இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்து, வளைத்து, முனைக்கு முனை ஈயம் வைத்தாள். பூக்கட்டுகிறவள் நாரை இழுக்கிற மாதிரிதான். மைக்கில் பேசும் குரலுக்காகச் செய்த பெட்டி அது. கிட்டார் கம்பிக்கு ஏற்ற மாதிரி அதன் தொண்டையை மாற்ற வேண்டும் என்பாள். கொடிக்கம்பத்துக் குழாய் ஸ்பீக்கருக்குப் போகிற முனை வேறு, மரக்கூட்டுக்குள் வைக்கும் ஸ்பீக்கருக்கான முனை வேறு என்று டிரான்ஸ்பார்மரில் தேடிக் கண்டுபிடித்தாள். எங்கள் உடைந்த அலமாரிப் பலகையில் ஸ்பீக்கருக்குக் கூடு அடித்தது சின்னத்தம்பி.

முதல் தடவை கரண்ட் கொடுத்தபோது நடுவில் வீட்டுக்குப் போடும் குண்டு பல்பு ஒன்றை மாட்டினாள். தப்பு இருந்தால் பல்பு பளீரென்று எரிந்தபடியே நிற்கும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். பல்பு பளீரென்றது. நாங்கள் எல்லாரும் பின்னால் நகர்ந்தோம். மெதுவாக மங்கியது. வால்வுகளுக்குள் செக்கச்செவேலென்று கம்பி தெரிந்தது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தாள். கிட்டாரைச் செருகி ஒரு கம்பியைத் தட்டினாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கடைப் பெட்டியின் சத்தம் காதோடு நின்றது. இது மார்பில் வந்து உட்கார்ந்தது.

ஆனால் சூடு ஏறின பிறகு பெட்டி பொரிய ஆரம்பித்தது. தாளிக்கும்போது கடுகு வெடிக்குமே, அப்படி. பட், படபட், பட். பாட்டு நடுவில் நடுவில் வெடித்தது. அவள் ஈயம் வைத்த இடம் ஒவ்வொன்றையும் திரும்பப் பார்த்தாள். வால்வை மாற்றிப் பார்த்தாள். புதுசாகப் போட்டதையே பிடுங்கி வேறு போட்டாள். ஒன்றும் நிற்கவில்லை. சிவகணேசன் போனில் எப்படிப் போகிறது என்று கேட்டபோது போனைப் பெட்டிப் பக்கம் காட்டினாள். அலமாக், பக்கோடா கடை மாதிரி இருக்கே அக்கா என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் பீங்கான் குழிகளையே கழற்றினாள். மேலே துடைத்து வைத்ததால் வெள்ளையாகத்தான் இருந்தன. ஓட்டைகளுக்குள் ஊசியை விட்டுச் சுரண்டினாள். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. விரலில் வைத்து என்னிடம் காட்டினாள். முகர்ந்து பார்த்தேன். சந்தனமும் குங்குமமும். கருகிப்போய்க்கூட வாசம் இருந்தது.

எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. தோட்டத்தில் ஆயுத பூஜை என்றால் மண்வெட்டி, பால்கத்தி, சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கோயில் ஆம்ப்ளிபையருக்கு இல்லாமல் இருக்குமா? அதற்குத்தான் முதல் பொட்டு. வருஷா வருஷம் அதன் தலையில் விபூதி கொட்டி, சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். அது காற்று ஓட்டை வழியாக ஒழுகி வால்வின் காலடியில் இறங்கி, சூட்டில் வெந்து கெட்டியாகியிருக்கிறது. ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் அது பாலம் போட்டுவிட்டது, கரண்ட் தாவுகிறது, அதுதான் வெடிக்கிறது என்றாள்.

புதுக் குழிகள் வாங்கி மாட்டினாள். பெட்டி ஒழுங்காகப் பாடியது. சின்னத்தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை லோரியைக் கழுவிப் பொட்டு வைத்தவன், கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைப் பெட்டியின் தலையில் மூன்று விரலால் இழுத்துவிட்டான். காரணமெல்லாம் அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கை கேட்கவில்லை. புது வண்டி, புதுப் பெட்டி, எதுவாக இருந்தாலும் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகப் போய்விடும். மறுநாள் பட், படபட்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவனைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, டார்ச்சையும் ஊசியையும் கையில் கொடுத்தாள். கரண்டை வடித்துவிட்டுத்தான் கொடுத்தாள். அவனே முழுக்கச் சுரண்டி எடுத்தான்.

"இனிமே இதுக்கு யாரும் பொட்டு வைக்கக் கூடாது. அந்த ஆத்தாவே வந்து வச்சாலும் விட மாட்டேன்," என்றாள். சின்னத்தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திருவிழா வந்தது. கோயிலுக்கு முன்னால் மேடை கட்டியிருந்தார்கள். மத்தியானமே போய்ச் சாமான்களை ஏற்றி வாசித்துப் பார்த்தாகிவிட்டது. பெட்டி நன்றாகச் சூடாகி இருந்தது. சாயங்காலம் பாட்டுத் தொடங்கும் முன்பு பூசாரி வீரமுத்து மஞ்சள் நீர்ச் செம்பும் வேப்பிலையும் சந்தனக் கிண்ணமுமாக வந்தார். மேடை ஏறும் வாத்தியம் எல்லாவற்றுக்கும் தெளித்துப் பொட்டு வைப்பது அந்தக் கோயில் வழக்கம். டிரம்ஸுக்கு ஆயிற்று. கீபோர்டுக்கு ஆயிற்று. சிவகணேசனின் லாப்டாப்புக்கும் ஆயிற்று. அவன் அதற்கு முன்கூட்டியே பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவான், வருஷா வருஷம். பொட்டு பிளாஸ்டிக்குக்குப் போகும்.

வீரமுத்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சந்திரமதி குறுக்கே நின்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கண்ணாடி கொதிக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விரிசல் விட்டுவிடும், உள்ளே போனால் வெடிக்கும், வேண்டாம் பூசாரி என்றாள். வீரமுத்து நின்றுவிட்டார். அவருக்கு ஒன்றும் கோபமில்லை. கனகசுந்தரம்தான் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"அம்மன் முன்னாடி பொட்டு வாங்காம எந்த வாத்தியமும் மேடை ஏறாது. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

"தலைவரே, இந்தப் பெட்டி ஒங்கப்பா காலத்துலேருந்து பொட்டு வாங்கினதுதான். அதனாலதான் செத்துச்சு."

கீழே பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. வழக்கத்தை மாற்ற நீ யார், வெளியூர் போனால் தலையில் ஏறிவிடுமா என்று ஏதேதோ பேசினார். சிவகணேசன் அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். அணைத்துவிட்டு ஆற வைப்போம், ஒரு பிளாஸ்டிக் போடுவோம், அவர் தெளித்துவிட்டுப் போகட்டும், பிரச்சினை முடிந்தது என்றான். இல்லை என்றால் விடுங்கள், கிட்டார்தான் லாப்டாப்பில் இருக்கிறதே என்றும் சொன்னான்.

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

"நீ பிளாஸ்டிக்குக்குப் பொட்டு வாங்கிக்க சிவா. எனக்கு ஆத்தாவ ஏமாத்தத் தெரியாது. வேணாம்னா வேணாம்னு அவ மூஞ்சியப் பாத்தே சொல்லுவேன்."

சொல்லிவிட்டுச் சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நான் கீழே முன்வரிசையில் இருந்தேன். கிளம்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். என் கால் செருப்பைத் தேடியது. அவள் கிளம்பவில்லை. சின்னத்தம்பியைக் கூப்பிட்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள். சூட்டுக்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். கூட்டம் வழி விட்டது. மேடைக்குக் கீழே, மண் தரையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் இறக்கிக் கொண்டுவந்த ஸ்பீக்கர் கூடும் அதன்மேல் பெட்டியுமாகக் கூட்டத்தைப் பார்த்து வைத்தார்கள். பிளக்கைத் திரும்ப மாட்டி, கிட்டார் ஒயரை மேடைக்கு எறிந்தாள். பிறகு வீரமுத்துவிடம் போய்த் தலை குனிந்தாள். அவர் அவளுக்கு மஞ்சள் நீர் தெளித்து, நெற்றியில் பொட்டு வைத்து, கிட்டாரின் மரத்திலும் ஒன்று வைத்தார். அவள் மேடை ஏறினாள்.

கனகசுந்தரம் கீழே பெட்டியைப் பார்த்தார், மேலே அவளைப் பார்த்தார்.

"மேடை ஏறாதுன்னு சொன்னீங்க. ஏறல தலைவரே," என்றாள்.

அவர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். தரையில் வைக்கும் சாமானுக்கு எந்த வழக்கத்தைச் சொல்வது? செருப்பு, குடை, பால்புட்டி என்று பக்கத்தில் ஆயிரம் இருந்தது, எதற்கும் பொட்டு இல்லை. வீரமுத்து செம்பைத் தூக்கிக்கொண்டு, எனக்கு வேலை முடிந்தது என்று சன்னதிக்குள் போய்விட்டார்.

வால்வு சூடாகிறவரை அவள் காத்திருந்தாள். சிவகணேசன் விரலை லாப்டாப்பின்மேல் வைத்துக்கொண்டு நின்றான். முதல் பாட்டு அம்மன் பாட்டு. அவள் முதல் கம்பியைத் தட்டினாள்.

மேடைமேல் இருந்திருந்தால் சத்தம் எங்கள் தலைக்கு மேலே போயிருக்கும். இது தரையில் இருந்தது. நாங்களும் தரையில் இருந்தோம். பாய் வழியாக வந்தது. என் முழங்காலில் வந்து ஏறி, மார்பில் உட்கார்ந்தது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் விழித்துக்கொண்டன, ஒன்றும் அழவில்லை. பின்னால் தேநீர்க் கடை போட்டிருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு பொரிவு இல்லை. இரண்டாவது பாட்டில் சிவகணேசன் லாப்டாப்பிலிருந்த கிட்டாரை நிறுத்திவிட்டான். அவள் சொல்லி இல்லை. இரண்டும் சேர்ந்து கேட்டால் எது பொய் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

முடிந்து சாமான் ஏற்றும்போது அவன் வந்து, அடுத்த மாதம் குளுவாங்கில் ஒரு விருந்து இருக்கிறது அக்கா, பெட்டியைக் கொண்டு வந்துவிடுங்கள் என்றான். பெட்டி வரும், நானும் வருவேன், கோரஸுக்கு வேறு ஆள் பார் என்றாள்.

ஊரில் பேச்சு நிற்கவில்லை. கோயில் சாமானை வாங்கிக்கொண்டு கோயிலையே எதிர்த்தாள் என்றார்கள். ஒருத்தி என் வீட்டுக்கே வந்து, நீங்களாவது மருமகளுக்குச் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். சொன்னேனே, பலகையை இன்னும் கொஞ்சம் முன்னால் போட்டிருக்கலாம் என்று சொன்னேன் என்றேன். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இந்த வருஷமும் ஆடித் திருவிழாவுக்குப் போனோம். மேடைக்குக் கீழே, போன வருஷம் பெட்டி வைத்த அதே இடத்தில், புதுப் பலகை ஒன்று போட்டிருந்தது. நல்ல கனமான பலகை, நான்கு மூலையிலும் செங்கல் முட்டுக் கொடுத்து. நடுவில் பெரிதாகச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. கனகசுந்தரம் தூரத்தில் பந்தல்காரனோடு ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

சந்திரமதி பலகையையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். குனிந்து அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை, நன்றாகக் காய்ந்திருந்தது.

"ம். வைங்க," என்றாள் சின்னத்தம்பியிடம்.